சொந்த மொழிக்கு எந்தப் பார்சர்? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: மேடம், இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகத் தமிழ்ச் சொற்களில் எழுதக்கூடிய ஒரு சின்ன நிரல்மொழி செய்ய நினைக்கிறேன். பார்சருக்கு (எழுதிய நிரலைப் படித்து அதன் கட்டமைப்பைக் கண்டறியும் பகுதிக்கு) லார்க், ஓம், பெக்கி, எல்பெக் என்று நாலு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். நாலுமே நல்லதாகத்தான் தெரிகின்றன. எதை எடுப்பது?
(பொறியியல் மாணவி, நாகர்கோவில்)

பதில்: ஒரே சொல்லில் கேட்டால் லார்க். உங்களுக்குப் பைதான் வரும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் எடுத்தால் மூன்றாவது வாரத்தில் எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். அதனால் நான் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2014-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கூலிக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று வேலைக்கு வேலை பீஸ் ரேட் வேறு. ஆர்டர் மாறினால் ரேட்டும் மாறும். ஒவ்வொரு தடவையும் நான் போய் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. கணக்குப் பார்க்கும் அக்காவே விதிகளைத் தமிழில் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு குட்டி மொழி செய்தேன். அவர் எழுதிய முதல் விதிகளில் ஒன்று இது:

கையில் = கூலி - அட்வான்ஸ் - கேன்டீன்

அப்போது நான் எடுத்தது பெக்.ஜேஎஸ், அதாவது இன்றைய பெக்கியின் முன்னோடி. பள்ளி இயற்கணிதத்தில் படித்த மாதிரியே இலக்கணம் எழுதினேன்: ஒரு கோவை என்றால் 'கோவை, கழித்தல் குறி, உறுப்பு', இல்லாவிட்டால் வெறும் 'உறுப்பு'. கருவி மறுத்துவிட்டது. கோவையைப் படிக்க முதலில் கோவையையே படிக்க வேண்டும், அதற்கு மறுபடியும் கோவை; இது முடியாத சுழல் என்றது. இதற்கு இடப்பக்க மறுசுழற்சி என்று பெயர். சரி என்று திருப்பிப் போட்டேன்: 'உறுப்பு, கழித்தல் குறி, கோவை'. பிழைச் செய்தி போய்விட்டது. ஒரே ஒரு கழித்தல் உள்ள கணக்குகளை மட்டும் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தன.

முதல் சனிக்கிழமைச் சம்பளம். ஒருவருக்குக் கூலி 3,200, அட்வான்ஸ் 500, கேன்டீன் 150. கையில் 2,550 வர வேண்டும். 2,850 வந்தது. என் இலக்கணம் வலப்பக்கம் சாய்ந்திருந்ததால் முதலில் 500-இலிருந்து 150-ஐக் கழித்து, மீதி 350-ஐக் கூலியிலிருந்து எடுத்திருக்கிறது. அக்கா பக்கத்திலேயே நோட்டில் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் மூன்றாவது பெயரிலேயே பிடித்துவிட்டார். அன்று இரவு பத்து மணி வரை இருவரும் உட்கார்ந்து எல்லோர் கணக்கையும் கையால் போட்டோம். உழைத்தவர்களின் காசு அது. ஒரு பார்சர் பிழை செய்தியே தராமல் தப்பான விடை சொன்னால் என்ன ஆகும் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் அந்த ஒரு வரியைக் கொடுத்துப் பார்ப்பேன். உங்கள் பட்டியலையும் அப்படியே பார்க்கலாம்.

பெக்கி இன்றும் இடப்பக்க மறுசுழற்சியை ஏற்காது, ஏற்கவில்லை என்று தெளிவாகச் சொல்லும். சரியான வழி, 'ஓர் உறுப்பு, அதன்பின் குறியும் உறுப்புமாக எத்தனை வேண்டுமானாலும்' என்று பட்டியலாக எடுத்து, இடமிருந்து வலமாக நீங்களே நிரலில் கழித்துக்கொண்டு வருவது. எல்பெக்கும் இந்த விஷயத்தில் அப்படித்தான். அது லூவா மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொபெர்ட்டோ இயெருசலிம்ஸ்கி எழுதியது. இலக்கணத்தைத் தனிக் கோப்பில் எழுதாமல், லூவாவின் பெருக்கல், கூட்டல் குறிகளைக் கொண்டே துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டலாம். லூவாவிலேயே வேலை செய்பவர்களுக்கு அருமையான பொருள். உங்களுக்கு அதற்காக லூவா படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஓம் அந்த வரியை நான் முதலில் எழுதிய வடிவத்திலேயே ஏற்றுக்கொள்ளும். இந்த வகைப் பார்சரில் இடப்பக்க மறுசுழற்சிக்கு இடம் தரலாம் என்று 2008-இல் காட்டிய அலெசாண்ட்ரோ வார்த்தான் ஓமின் பின்னால் இருப்பவரும். ஓமில் எனக்கு மிகவும் பிடித்தது, இலக்கணம் தனி, அதன் பொருள் தனி என்று பிரித்து வைத்திருப்பது. ஒரே இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் கூலியைக் கணக்கிடலாம். இன்னொரு பக்கம் அதே விதியை முழு வாக்கியமாக அச்சடித்துக் காட்டலாம். பிரவுசரிலேயே இயங்கும் எடிட்டர் ஒன்றும் உண்டு. நீங்கள் எழுதிய வரியை எந்த விதி எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று படியாகப் பார்க்கலாம். மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நான் இதைத்தான் திறந்து வைக்கிறேன்.

இந்த மூன்றும் ஒரே குடும்பம். பிரையன் ஃபோர்டு 2004-இல் முறைப்படுத்திய 'பெக்' என்ற இலக்கண முறையில் வந்தவை. இந்தக் குடும்பத்தின் குணம், வரிசையாகப் பார்த்து முதலில் பொருந்தியதை எடுத்துக்கொள்வது. உங்கள் விதியில் 'வரை' முதலிலும் 'வரைபடம்' அடுத்தும் இருந்தால், 'வரைபடம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் 'வரை' பிடித்துக்கொள்ளும். 'படம்' அந்தரத்தில் நிற்கும். நீளமானதை முதலில் வையுங்கள், அல்லது சொல் அங்கே முடிகிறதா என்று பார்க்கும் நிபந்தனை ஒன்றைச் சேருங்கள். இதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒரு வரிக்கு இரண்டு பொருள் வந்தாலும் பெக் குடும்பம் வாயே திறக்காது என்பது. சிலேடைப் பாட்டில் முதல் பொருளை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும் ஆசிரியரைப் போல. உங்கள் மொழியில் சிலேடை இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரிய வராது.

அதனால்தான் லார்க் என்றேன். அதற்குள் முக்கியமாக இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன. ஒன்று ஜே ஏர்லி 1960-களின் இறுதியில் கண்ட முறை. எந்தச் சூழல்சாரா இலக்கணத்தையும் (சுற்றியுள்ள சொற்களைப் பார்க்காமலே விதிகள் பொருந்தும் இலக்கணம்) அது படிக்கும். இரண்டு பொருள் இருந்தால் இரண்டு மரங்களையும், அதாவது வரியின் கட்டமைப்பைக் கிளைகளாகக் காட்டும் இரண்டு வடிவங்களையும், கொடு என்று கேட்கலாம். மற்றொன்று எல்ஏஎல்ஆர், வேகமானது, ஆனால் எல்லா இலக்கணத்தையும் ஏற்காது. நீங்கள் ஏர்லியில் தொடங்குங்கள். சிறிதும் பெரிதுமாக முப்பது நிரல்கள் எழுதி, எதற்காவது இரண்டு மரம் வருகிறதா என்று பாருங்கள். 'முடி' என்ற சொல் இல்லாமல் ஒரு 'ஆனால்' உள்ளே இன்னொரு 'ஆனால்' வைத்து, கடைசியில் ஒரே ஒரு 'இல்லை' போட்டால் நிச்சயம் இரண்டு வரும். அந்த 'இல்லை' யாருடையது? இதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், கருவி அல்ல. எல்லாம் தீர்ந்தபின் எல்ஏஎல்ஆருக்கு மாறுங்கள். மாறும்போது கண்டிப்பு (ஸ்ட்ரிக்ட்) முறையை இயக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு மேலே போகவா, இதுவரை படித்ததைக் கட்டி முடிக்கவா' என்ற மோதல் வரும் இடத்தில், லார்க் உங்களைக் கேட்காமல் மேலே போவதையே தேர்ந்தெடுக்கும்.

கடைசியாக, பிழைச் செய்தி. சரியான நிரலை எல்லாக் கருவியும் படிக்கும். ஓர் அடைப்புக்குறியை அழித்துவிட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். லார்க் வரி எண், இட எண், அங்கே வந்திருக்கக்கூடிய டோக்கன்களின் (சொல், குறி போன்ற துண்டுகளின்) பட்டியல் மூன்றையும் தரும். அதை அப்படியே திரையில் கொட்டாதீர்கள். அதைப் பிடித்து, 'நாலாவது வரியில் திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை' என்று உங்கள் பயனருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். அக்காவுக்காக நான் பதினொரு செய்திகள் எழுதினேன். அதன்பின் அவர் என்னைக் கூப்பிடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. புராஜெக்ட்டில் இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கருவியும் இல்லாமல், கூட்டல் கழித்தல் பெருக்கல் மட்டும் படிக்கும் பார்சர் ஒன்றைக் கையால் எழுதிப் பாருங்கள். வாகன் பிராட் 1973-இல் சொன்ன முறையில், குறிக்கு ஓர் எடை வைத்து எழுதினால் இருபது முப்பது வரிதான் வரும். எழுதி முடித்தபின் மேலே நான் சொன்னதையெல்லாம் இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: பைதானில் லெக்ஸர் (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) எழுதுகிறேன். 'தமிழ்' என்று மாறிப்பெயர் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வருகிறது. என்ன தவறு?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

பதில்: தவறு உங்களுடையது அல்ல. பைதானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவங்களைத் தேடும் வசதியில்) 'சொல்லெழுத்து' என்று நாம் போடும் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ, எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் ஏற்கும். யூனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் இல்லை. 'சேர்குறி' என்ற வகையில் இருக்கின்றன. அதனால் 'மி'-யின் கொக்கியில் ஒரு வெட்டு, 'ழ்'-இன் புள்ளியில் ஒரு வெட்டு. வேடிக்கை என்னவென்றால், பைதான் மொழி தன் சொந்த நிரல்களில் 'தமிழ்' என்ற மாறிப்பெயரைச் சரியாகவே ஏற்கிறது. மொழிக்குத் தெரிந்தது அதன் நூலகத்துக்குத் தெரியவில்லை.

தீர்வு எளிது. 'ரெஜெக்ஸ்' என்ற தனி நூலகத்தை நிறுவிக்கொண்டு, 'எழுத்து வகை அல்லது சேர்குறி வகை' என்று வெளிப்படையாக எழுதுங்கள். லார்க்கில் அந்த நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்ல ஒரு தேர்வே இருக்கிறது. பெயரின் முதல் இடத்தில் மட்டும் சேர்குறியை அனுமதிக்காதீர்கள். கொக்கியில் தொடங்கும் சொல் கிடையாது. தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய 128 இடங்களையும் மொத்தமாக 'எழுத்து' என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ௧, ௨ போன்ற தமிழ் எண்களும், ௹ என்ற ரூபாய்க் குறியும் பெயருக்குள் நுழைந்துவிடும். எண்களை நீங்கள் எண்ணாகவே படிக்க நினைத்தால் அது இடிக்கும்.

இதோடு முடியவில்லை. 'கொ'-வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு ஒன்றில் 'கொள்முதல்' என்ற பெயரைத் தேடி நான் அரை நாள் செலவழித்தேன். அறிவித்த இடத்தில் ஒரு வடிவம், பயன்படுத்திய இடத்தில் மற்றது. லெக்ஸருக்குள் விடும் முன் முழு உரையையும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு, என்எஃப்சி வடிவத்துக்கு, உட்படுத்துங்கள். இது தீரும். தீராத ஒன்றும் உண்டு: 'மௌனம்' என்பதை நிறையப் பேர் கொம்பும் 'ள'-வும் போட்டு 'மெளனம்' என்று தட்டுகிறார்கள். இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. 'மௌனம் என்ற பெயர் இல்லை' என்று பிழை காட்டும்போது, இந்த இரண்டையும் ஒப்பிட்டு 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று கேட்கும்படி எழுதினால் உங்கள் பயனர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, யூடிஎஃப்-8-இல் பதினைந்து பைட். பிழை இருக்கும் இடத்தின் கீழே அம்புக்குறி போடும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ் என்ற லெக்ஸர் உருவாக்கியைப் போல பைட்டை எண்ணும் கருவியானால் அம்பு வரிக்கு வெளியே போய் நிற்கும்.

கேள்வி: எழில் மொழியில் என் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். நிபந்தனைக்கு முன்னால் '@' குறி ஏன் என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். பதில் தெரியவில்லை.
(கணினி ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மொழி வடிவமைப்பின் நடுமையத்தைத் தொடும் கேள்வி இது.

எழில், முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மொழி, பைதானில் எழுதப்பட்டது. அதில் இப்படி எழுதுவோம்:

@( அ > ஆ ) ஆனால்
பதிப்பி அ
இல்லை
பதிப்பி ஆ
முடி

ஆங்கிலச் சொற்களை வைத்த மொழிகளில் நிபந்தனைச் சொல் வாக்கியத்தின் தலையில் இருக்கும். பார்சர் முதல் சொல்லைப் பார்த்தவுடனே 'இது நிபந்தனை' என்று தெரிந்துகொண்டு அந்த வழியில் இறங்கிவிடும். தமிழில் நாம் 'மழை பெய்தால்' என்கிறோம், 'ஆல்' கடைசியில்தான் வருகிறது. எழில் நம் வாக்கிய ஒழுங்கை மதித்து 'ஆனால்', 'வரை' இரண்டையும் நிபந்தனைக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அழகான முடிவு. ஆனால் மேலிருந்து கீழாகப் படிக்கும் பார்சருக்கு இதில் ஒரு சங்கடம். வெறும் அடைப்புக்குறியில் வரி தொடங்கினால் அது ஒரு கணக்கா, நிபந்தனையா, சுழலா? முந்தைய வரி ஒரு பெயரில் முடிந்திருந்தால் அந்தப் பெயருக்கான அழைப்பாகவும் இதைப் படிக்கலாம். லூவாவுக்கே இந்தத் தொல்லை உண்டு; 5.1 பதிப்பு வரை, இப்படி எழுதினால் இருபொருள் வருகிறது என்று பிழை காட்டி நிறுத்தியது. '@' குறி அந்தச் சந்தேகத்தை முதல் எழுத்திலேயே தீர்க்கிறது. 'நிபந்தனை வருகிறது, அது எந்த வகை என்று அடைப்புக்குறி முடிந்தபின் சொல்கிறேன்' என்பது அதன் பொருள். வடிவமைத்தவர் மனதில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பார்சர் பக்கமிருந்து பார்த்தால் அது செய்யும் வேலை இதுதான்.

எனக்கு இதில் நெடுநாளாக ஓர் ஆசை. கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டு போகும் எல்ஏஎல்ஆர் வகைப் பார்சர், தமிழ் வாக்கியத்தைக் கேட்பவரைப் போலத்தான் நடந்துகொள்கிறது. வந்ததையெல்லாம் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசிச் சொல் வந்ததும் 'ஓ, இது நிபந்தனையா' என்று கட்டி முடிக்கிறது. வரி முடிவுக்கு ஒரு தெளிவான குறியை மட்டும் வைத்துக்கொண்டால், '@' இல்லாத தமிழ் மொழி ஒன்றை லார்க்கின் எல்ஏஎல்ஆரில் செய்துவிட முடியும். நாகர்கோவில் மாணவி இதைப் படித்தால், அவருக்கு நல்ல புராஜெக்ட் தலைப்பு இது.

கேள்வி: யாக், பைசன் போன்ற பழைய பார்சர் உருவாக்கிகளை எல்லாம் இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா? பாடத்திட்டத்தில் மட்டும்தான் பார்க்கிறேன்.
(எம்.சி.ஏ. மாணவர், சேலம்)

பதில்: பயன்படுத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இன்றும் பைசனில்தான் எஸ்கியூஎல் படிக்கிறது. எஸ்கியூலைட்டுக்கு அதன் ஆசிரியர் ரிச்சர்ட் ஹிப்பே எழுதிய 'லெமன்' இருக்கிறது. ஒரே ஒரு சி கோப்பில் அடங்கிய பார்சர் உருவாக்கி. எல்ஏஎல்ஆர் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அதைத் திறந்து படிக்கலாம்.

ஆனால் வளர்ந்த மொழிகள் பல ஒரு கட்டத்தில் யாக்கை விட்டு வெளியேறியிருக்கின்றன. லூவா கையால் எழுதிய பார்சருக்கு மாறியது. ஜிசிசி கம்பைலரின் சி++ பார்சர் 3.4 பதிப்பிலும், சி பார்சர் 4.1 பதிப்பிலும் அதே வழியில் போயின. ரூபியும் 3.4 பதிப்பிலிருந்து கையால் எழுதிய பிரிஸத்தை முதன்மைப் பார்சராக வைத்திருக்கிறது. பைதான் யாக்கில் இருந்ததில்லை. மேலிருந்து கீழாகப் படிக்கும் எல்எல்(1) வகையில் தன் சொந்த உருவாக்கியை ஏறத்தாழ முப்பது ஆண்டு வைத்திருந்துவிட்டு 2020-இல், 3.9 பதிப்பில், பெக் முறைக்கு வந்தது. அடுத்த பதிப்பிலேயே 'மேட்ச்' என்ற சொல்லை, பழைய நிரல்களில் அது மாறிப்பெயராக இருந்தாலும் உடைக்காமல், புதிய கட்டளையாகச் சேர்க்க முடிந்தது.

கையால் எழுதும்போது எந்த இடத்தில் என்ன பிழை சொல்ல வேண்டும் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆனாலும் தேர்வுக்கு யாக் படியுங்கள், மோதல் என்றால் என்ன என்று அது கற்றுத்தரும் அளவுக்கு வேறெதுவும் கற்றுத்தராது.

கேள்வி: கிட்ஹப்பில் ஒரு சின்ன பார்சர் நூலகம் பிடித்திருக்கிறது. ஒரே ஒருவர் எழுதியது, இரண்டு வருடமாக மாற்றமே இல்லை. நம்பி எடுக்கலாமா?
(சுயதொழில் செய்பவர், மதுரை)

பதில்: மாற்றம் இல்லை என்பது மட்டும் குறை ஆகாது. பார்சர் நூலகம் ஒரு கட்டத்தில் முடிந்துவிட்ட பொருளாக இருக்கலாம். நான் பார்ப்பது வேறு. சோதனைகள் இருக்கும் கோப்புறையைத் திறந்து, தவறான உள்ளீட்டுக்கான சோதனைகள் எத்தனை என்று பார்ப்பேன். சரியானவற்றை மட்டும் சோதித்திருந்தால் மூடிவிடுவேன். அப்புறம் கழித்தல் கணக்கு ஒன்று இருக்கிறதா என்று தேடுவேன், அது என் பழக்கம்.

உரிமத்தையும் பாருங்கள். லார்க், ஓம், லூவா, ட்ரீ-சிட்டர் (இன்னொரு பார்சர் கருவி) எல்லாம் எம்ஐடி உரிமம். விற்கும் மென்பொருளிலும் வைக்கலாம். பைசன் கட்டுப்பாடு அதிகமான ஜிபிஎல் உரிமம் என்றாலும், அது உருவாக்கித் தரும் பார்சரை உங்கள் விருப்பப்படி வெளியிட விதிவிலக்கு உண்டு. உரிமக் கோப்பே இல்லாத நூலகம் என்றால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு எடுங்கள். லார்க்கில் எல்ஏஎல்ஆர் முறையில் எழுதிய பார்சரை லார்க்கே தேவைப்படாத ஒரே பைதான் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பின் உரிமம் வேறு என்பதால் அதன் தலைப்பில் இருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுங்கள்.